கனடாவின் சிம்கோ ஏரியில் சேற்று நீர் கலப்பதை நிறுத்தக் கோரி நான்காவது மனு

பெறுநர்: ஏரிப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏப்ரல், மே, ஜூன் என்று மூன்று முறை எழுதிவிட்டேன். பதில் வரவில்லை. எங்கள் தெருக்கோடி வடிகால் ஏரியில் எந்த இடத்தில் விழுகிறது என்பது தங்களுக்குத் தெரியும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. வடிகாலுக்கு மேலே வீடு கட்டும் மனையில், மண் கரைந்து போகாமல் இருக்கக் கட்டிய கறுப்புத் துணித் தடுப்பு சரிந்து கிடக்கிறது. மழை பெய்தால் பழுப்பு நீர் அப்படியே ஏரிக்குள் இறங்குகிறது.

2. அது விழும் இடம் கல்திட்டு. லேக் ட்ரவுட் மீன் குழி தோண்டி முட்டையிடாது. இலையுதிர்காலத்தில் சுத்தமான கற்களின் மேல் முட்டையிடும். முட்டைகள் கல் இடுக்கில் இறங்கி, குளிர்காலம் முழுக்க அங்கேயே கிடந்து வசந்தத்தில் பொரிக்கும். இடுக்கில் சேறு அடைத்தால் அத்தனையும் மூச்சு முட்டிச் சாகும். போன அக்டோபரில் முழங்கால் நீரில் இறங்கிக் கல்லைத் தடவிப் பார்த்தேன். தொட்ட கல்லெல்லாம் சேறு.

3. அந்தச் சேற்றோடு பாஸ்பரஸும் வருகிறது. அதனால் பாசி கொழுக்கிறது. செத்து அடியில் அழுகி, ஆழத்து ஆக்சிஜனைத் தின்கிறது. கோடையில் மேல் நீரும் அடி நீரும் கலப்பதில்லை என்பதால், போன ஆக்சிஜன் இலையுதிர்காலம் வரை திரும்பாது. லேக் ட்ரவுட், வைட்ஃபிஷ், சிஸ்கோ எல்லாம் குளிர்நீர் மீன்கள். மேலே வந்தால் சூடு, கீழே போனால் மூச்சுத் திணறல். அவை எங்கேதான் போகும், சொல்லுங்கள்? ஏரியின் கெம்பன்ஃபெல்ட் விரிகுடா 40 மீட்டர் ஆழம் இருந்து என்ன பயன்? ஆழ்நீரில் லிட்டருக்கு 7 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும், பாஸ்பரஸ் வரத்தை ஆண்டுக்கு 44 டன்னாகக் குறைக்க வேண்டும் என்று 2009 சிம்கோ ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தில் எழுதியது அரசாங்கம்தானே? நானா எழுதினேன்?

4. பண்ணையில் வளர்த்த மீன்குஞ்சுகளை ஏரியில் விடுகிறோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பல பத்தாண்டுகளாக விட்டுத்தான் லேக் ட்ரவுட்டைக் காப்பாற்றினார்கள், நன்றி மறக்கவில்லை. இப்போதுதான் ஏரியிலேயே பிறந்த ட்ரவுட் மறுபடி தலைகாட்டுகிறது. இந்த நேரத்திலா அது முட்டையிடும் கல்லைச் சேறு மூட விடுவது?

5. ஒரு ஆளை அனுப்புங்கள் ஐயா.

மழை பெய்யும் நாளில் அனுப்புங்கள். வெயிலில் வந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தடுப்பைச் சரிசெய்ய உத்தரவிட்டு, வடிகால் நீரைச் சோதித்து, எழுத்தில் பதில் தாருங்கள். அக்டோபருக்குள் செய்யுங்கள். மீன் முட்டையிட வருவதற்குள் கல் சுத்தமாக இருக்க வேண்டும். திரும்பவும் கேட்கிறேன், அக்டோபருக்குள்.

இப்படிக்கு,
ஏரிக்கரைவாசி ஒருவர்