ஈஸ்ட்டின் இன்ட்ரானைக் குப்பை என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் மரபணுக்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடுதான் எடுத்தேன். நாலாவது பத்திக்கு மேல் போக முடியவில்லை. "ஈஸ்ட்டில் இன்ட்ரான்கள் மிகக் குறைவு; இருப்பவையும் வெட்டி எறியப்படும் குப்பைதான்" என்று ஒரு வரி. இன்ட்ரான் என்பது மரபணுவின் நடுவே வரும் ஒரு பகுதி; மரபணுவின் ஆர்.என்.ஏ நகலிலிருந்து, புரதம் உருவாகும் முன் அது வெட்டி எடுக்கப்படும். பக்கத்தில் கத்தரிக்கோலும் குப்பைத்தொட்டியுமாக ஒரு படம் வேறு.

குறைவு என்பது சரி. சுமார் 6,000 மரபணுக்களில் 300 பக்கம்தான் இன்ட்ரான் உள்ளவை. ஆனால் அவை எந்த மரபணுக்கள் என்று பார்க்க வேண்டாமா? புரதம் செய்யும் ரைபோசோமுக்கே புரதம் தரும் மரபணுக்களில் பெரும்பாலானவற்றில் இன்ட்ரான் உண்டு. வேகமாக வளரும் ஈஸ்ட் தயாரிக்கும் எம்.ஆர்.என்.ஏவில் (புரதம் செய்ய ரைபோசோம் படிக்கும் மரபணு நகல்) ஏறக்குறைய கால் பங்கு இந்தச் சிறு கூட்டத்திலிருந்துதான் வருகிறது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த வரி அச்சேறியதுதான் எனக்கு வருத்தம்.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது இந்தக் 'குப்பை' என்ற சொல்லை நம்பி ஆறு மாதத்தைத் தொலைத்தவள் நான். ஒரு ரைபோசோம் புரத மரபணுவிலிருந்து இன்ட்ரானை மட்டும் எடுத்துவிட்டு, புரதத்தை ஜெல்லில் ஓட்டி ஃபிலிமில் பார்த்தேன். பட்டை தடித்திருந்தால் புரதம் அதிகம் என்று பொருள். இன்ட்ரான் உள்ள ஈஸ்ட்டில் கறுப்பாக, தடித்த பட்டை. எடுத்துவிட்டதில் பென்சிலால் கீறினது மாதிரி ஒரு கோடு. ஒப்பிடுவதற்காகக் கூடவே பார்த்த ஆக்டின் என்ற வேறொரு புரதத்தின் பட்டை இரண்டிலும் ஒரே அளவு. அதாவது நான் புரதத்தைக் குறைத்து ஊற்றிவிடவில்லை. இருந்தும் என் கைத்தவறு என்றே நினைத்து மூன்று முறை ஃபிலிமைத் தூக்கிப் போட்டேன். வழிகாட்டியும், "தேவையில்லாத பகுதியை எடுத்தால் புரதம் ஏன் குறையப்போகிறது, திரும்பச் செய்" என்றார். நாலாவது முறை, எந்தக் குழாயில் எது என்று சொல்லாமல் தோழியிடம் கொடுத்து ஓட்டச் சொன்னேன். அதே கோடு வந்தது. இருட்டறையில் அந்த ஈர ஃபிலிமைப் பிடித்துக்கொண்டு நான் அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

எல்லா இன்ட்ரானும் புரதத்தைக் கூட்டும் என்று நான் சொல்லவில்லை. இடத்துக்கு இடம் வேலை வேறு. ஆர்.பி.எல்30 என்ற ரைபோசோம் புரதம் அளவுக்கு மீறிச் சேர்ந்தால், தன்னுடைய ஆர்.என்.ஏவையே பிடித்துக்கொண்டு, இன்ட்ரானை வெட்ட விடாமல் தடுத்துவிடும். உற்பத்தி தானாகக் குறையும். ஹாக்1 மரபணுவில் 252 எழுத்து நீளமுள்ள இன்ட்ரான் இருக்கிறது. அது உள்ளே இருக்கும்வரை ரைபோசோமால் அந்த ஆர்.என்.ஏவைப் புரதமாக்க முடியாது. சரியாக மடியாத புரதங்கள் செல்லுக்குள் குவியும்போதுதான் ஐ.ஆர்.இ1 என்ற நொதி அதை வெட்டுகிறது. உடனே அந்த நெருக்கடியைச் சமாளிக்கும் புரதம் உருவாகிறது. வேண்டியபோது திறந்து, வேண்டாதபோது மூடும் குழாயைக் குப்பை என்று யாராவது சொல்வார்களா?

அந்தப் படத்தையாவது தவிர்த்திருக்கலாம். 2019-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் நேச்சர் இதழில் எழுதினவே! உணவு தீரும் நேரத்தில் வெட்டப்பட்ட சில இன்ட்ரான்கள் சிதையாமல் செல்லிலேயே தங்கி வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகின்றன. இன்ட்ரானை நீக்கிய ஈஸ்ட் பட்டினியில் பின்தங்கிப் போகிறது. தொட்டியில் போட்டதாக நீங்கள் வரைந்தது செல்லுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது, ஐயா.

'குப்பை டி.என்.ஏ' என்பதை 1972-இல் மரபியல் அறிஞர் சுசுமு ஓனோ எழுதியபோது, இன்ட்ரான் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. 1977-இல்தான் இடையே இன்ட்ரான் வந்து துண்டு துண்டான மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அந்தப் பழைய சொல்லை இதன் தலையில் கட்டுவது எந்த விதத்தில் நியாயம்?

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். குரோமோசோமும் மரபணுவும் ஒன்றே என்பது போல எழுதியபோது ஒரு கடிதம் போட்டேன். படக்குறிப்பில் ஈஸ்ட்டை பாக்டீரியா என்று போட்டபோது இன்னொன்று. ஈஸ்ட் நம் செல்லைப் போல உட்கரு உள்ளது. நம் மரபணுக்களைப் புரிந்துகொள்ள அதை வைத்துப் பார்ப்பதே அதனால்தானே. இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. இடம் இருந்திருக்காது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் என் வகுப்பில் ஒரு பையன் உங்கள் பக்கத்தை நீட்டி, "இதில் ஈஸ்ட் பாக்டீரியா என்றுதானே போட்டிருக்கிறது?" என்று கேட்டான். என்ன சொல்ல?

நான் கேட்பது ஒரு வரிதான். அடுத்த இதழில் 'வெட்டி எறியப்படும் குப்பை' என்பதை 'வெட்டி எடுக்கப்படும் இடைப்பகுதி' என்று திருத்திப் போடுங்கள். பையன்கள் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொள்ளும் பக்கம் அது. திருத்தத்தையும் அதே பக்கத்தில் போட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி, உயிரியல் ஆசிரியை