செந்திலுக்கு அப்பா எழுதியது

அன்புள்ள செந்தில்,

உன் மெயிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீயே கட்டிய விமானத்தில் இன்ஜின் நின்று இறங்கிய, அறுவடை முடிந்த சோயா வயல், மூக்குச் சக்கரம் மடங்கியது, உடம்பில் ஒரு கீறல் இல்லை, எல்லாம் கேட்டாள். "அதை வித்துடச் சொல்லுங்க" என்று எழுந்து போய்விட்டாள். நான் அதைச் சொல்லப்போவதில்லை.

ஏறிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் நின்றும் ஓடுபாதைக்குத் திரும்பாமல், எதிரே தெரிந்த வயலைப் பிடித்தாயே, அதற்கு சபாஷ். அந்த உயரத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் கை துடிக்கும். வளைக்கும்போது வேகம் செத்து, இறக்கை ஸ்டாலாகி, அதாவது தூக்கும் சக்தியை இழந்து, விழுந்து போனவர்கள் நிறையப் பேர்.

ஆனால் "இன்ஜின் ஃபெயிலியர்" என்று எழுதியிருக்கிறாயே, அது உறுத்துகிறது. ஃபில்டரில் கிடைத்தது டேங்கின் இணைப்புகளைக் கசியாமல் ஒட்டப் பூசிய சீலன்ட் பசையின் துணுக்கு என்று நீயே சொல்கிறாய். பெட்ரோல் வராவிட்டால் பாவம் இன்ஜின் என்ன செய்யும்? இன்ஜின் ஃபேக்டரியில் செய்தது. டேங்க், குழாய், வால்வு எல்லாம் நீ கராஜில் செய்தது. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் ஸ்பானர்களை எண்ணி அடுக்காமல் நாங்கள் ஹேங்கரை விட்டு வந்ததில்லை. எந்தத் துணுக்கு எங்கே போய் உட்காருமோ என்ற பயம்.

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று மான்டரே விரிகுடாவில் விழுந்தாரே, அதுவும் வீட்டில் கட்டிய விமானம்தான். பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி. இவர் அதைப் பழையதாக வாங்கியிருந்தார். ஒரு டேங்கிலிருந்து இன்னொரு டேங்குக்கு மாற்றும் வால்வு பிளான்படி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டியது. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். பிடி வேறு இறுக்கம். எட்டித் திருப்ப வேண்டுமானால் உடம்பையே முறுக்க வேண்டும். முறுக்கினால் வலது கால் தானாக ரட்டர் பெடலை அழுத்தி, விமானத்தின் மூக்கைத் திருப்பிவிடும். அன்று பெட்ரோலும் குறைவு, நிரப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். நல்ல இன்ஜின், நல்ல டிசைன், ஒரு வால்வு இருந்த இடம் சரியில்லை.

நீ பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, உன் வால்வைத் திருப்பிப் பார். தோள் நகர்ந்தால் இடத்தை மாற்று.

இரண்டு டேங்கையும் திற. ஒன்றில் உரிந்தது மற்றதிலும் உரியும். ஒரே டப்பா சீலன்ட், ஒரே கை. பிறகு மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி நிறுத்தி, கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, பம்பை ஓட்டி, கேனில் பிடித்து அள. டேக்-ஆஃபில் இன்ஜின் குடிப்பதைப் போல் குறைந்தது 125 சதவீதம் வர வேண்டும். கட்டும்போதே அளந்தேன் என்பாய். டேங்கைத் திறந்தால் கணக்கு புதிது. அந்த அளவை எழுதி அனுப்பு, படத்தோடு.

அம்மாவிடம் நீயே பேசு. நான் சொன்னால் எடுபடாது, நீங்களும் அதே கூட்டம்தானே என்கிறாள்.

அப்பா