சூரியன் சீறும்போது குறையும் காஸ்மிக் கதிர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூரியப் புயல் குறித்த தங்கள் செய்தியில், சூரியன் சீற்றமாக இருக்கும் ஆண்டுகளில் எல்லாக் கதிர்வீச்சும் பெருகும் என்ற பொருள் தொனித்தது. சூரியனே உமிழும் துகள்களுக்கு அது பொருந்தும். விண்மீன்களுக்கிடையிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களுக்கோ நேர்மாறு. நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் வீசும் சூரியக் காற்று (சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்கள்) தன்னோடு காந்தப்புலத்தையும் இழுத்துச் செல்கிறது. அப்புலத்தின் முறுக்குகளில் மோதிச் சிதறும் கதிர்கள், குறிப்பாக ஆற்றல் குறைந்தவை, உள்ளே வரத் திணறுகின்றன. வாயேஜர்-1 விண்கலம் 2012 ஆகஸ்டில் சூரியக் காற்று அமைக்கும் இந்தக் காந்த அரணைத் தாண்டியதும் காஸ்மிக் கதிர்களின் எண்ணிக்கை சட்டென உயர்ந்தது இதற்கு நேரடிச் சான்று. மாறாக, சூரியன் அடங்கியிருந்த 2009-இல் பூமிக்கருகே அவை மிக அதிகமாகப் பதிவாயின.

சூரியன் உமிழும் புயல் மேகம் பூமியைக் கடக்கையில் காஸ்மிக் கதிர்கள் சில மணி நேரத்தில் சரிந்து, மீளப் பல நாட்கள் ஆகும். இதுவே ஃபோர்புஷ் சரிவு. ஆனால் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் நியூட்ரான்களைத் தரையில் எண்ணும் கருவிகளான நியூட்ரான் எண்ணிகளைக் கையாள்வோர் அன்றாடம் காணும் சிக்கல் ஒன்றுண்டு. காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் கூடினாலே எண்ணிக்கை ஏறத்தாழ 7 சதவீதம் விழும். அழுத்தத் திருத்தம் செய்யாத வரைபடத்தில் சாதாரண வானிலை மாற்றமே சூரியப் புயலாகத் தெரியும். எனவே இத்தகைய செய்திகளுடன் அழுத்தத் திருத்தம் செய்த நியூட்ரான் வரைபடத்தையும் வெளியிட்டு, எந்தக் கதிரைப் பற்றிய செய்தி என்பதையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டுகிறேன்.