விளக்கை மாற்றாதே, கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

உன் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வெளுக்கிறது, விளக்கை மாற்றட்டுமா என்று கேட்டு நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தயவுசெய்து புது விளக்கு வாங்காதே. உன் அக்ரோபோரா பவளத்தின் அடித்தண்டில் சதை உரிந்து எலும்புக்கூடு தெரிகிறது. வெப்பத்தாலோ கடும் வெளிச்சத்தாலோ வெளுக்கும் பவளம் இப்படி இருக்காது. அதன் உடலுக்குள் குடியிருந்து உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசிகள் வெளியேறிவிடும், ஆனால் சதை கண்ணாடிபோல் மிஞ்சியிருக்கும். உற்றுப் பார்த்தால் குட்டி உணர்கொம்புகள்கூடத் தெரியும். அப்படி வெளுத்தது பிழைக்கலாம். உரிந்த இடத்தையோ பெரும்பாலும் பாசி பிடித்துக்கொள்ளும். எஞ்சிய கிளைகளைக் காப்பதுதான் இப்போதைய வேலை.

நீரின் காரத்தன்மை, அதாவது பவளம் எலும்புக்கூடு கட்ட எடுத்துக்கொள்ளும் கார்பனேட்டுகளின் அளவு, 6.5 டி.கே.எச். அலகு என்று காட்டியதும் ஒரே இரவில் 9-க்கு ஏற்றிவிட்டதாக எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. பல வருடங்களுக்கு முன் கிள்ளான் வீட்டில் நானும் இதையே செய்தேன். ஊருக்குப் போய்த் திரும்பியவன், எண் குறைந்திருப்பதைப் பார்த்துப் பதறி, காரத்தன்மையை ஏற்றும் சோடா மாவுக் கரைசலை அளவு பார்க்காமல் ஊற்றினேன். ஐந்து வருடம் வளர்த்த பவளம் ஒரே வாரத்தில் அடியிலிருந்து உரிந்து போனது. 7.5-இல் நிலையாக இருக்கும் தொட்டியில் பவளம் நன்றாகவே வளரும். இன்று 7, நாளை 9 என்று ஆடும் தொட்டியில்தான் சாகும். ஒரு நாளைக்கு அரை அலகுக்கு மேல் ஏற்றாதே.

அடுத்தது ஆவியாதல். சிங்கப்பூர் வெக்கையில் மின்விசிறி வைத்து 26 டிகிரிக்குக் கொண்டுவருகிறாய், சரிதான். ஆனால் அதனால் உன் 150 லிட்டர் தொட்டியில் தினமும் 3 லிட்டர் போகிறது. போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு மூன்றாம் நாள் 37-ஐத் தாண்டிவிடும். அப்போது நீ 9 லிட்டரை ஒரேயடியாக ஊற்றுகிறாய். பவளம் ஓடி ஒளியவா முடியும்? தானாக நிரப்பும் மிதவைக் கருவி ஒன்றை வாங்கு, விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் பாதிகூட ஆகாது. நிரப்புவது உப்பில்லாத நீராக இருக்கட்டும். குழாய்நீர் மட்டும் வேண்டாம், அங்கே அதில் கிருமிகளைக் கொல்லக் குளோரமைன் கலக்கிறார்கள். ஆர்.ஓ. வடிகட்டியையும் மிச்சமிருக்கும் அயனிகளை நீக்கும் டி.ஐ. பிசினையும் கடந்த நீரையே பயன்படுத்து.

பவளத்துக்குச் சத்தாகும் நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கிவிட்டேன் என்று பெருமைப்பட்டிருந்தாய். வேண்டாம். பட்டினி கிடக்கும் பவளம் காரத்தன்மை ஏறும்போது இன்னும் எளிதில் கருகும். 5 பி.பி.எம். (பத்து லட்சத்துக்கு 5 பங்கு) இருக்கட்டும், மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தீனி போடு.

எண்கள் ஒரு மாதம் ஆடாமல் நின்ற பிறகு சுண்ணாம்புத் தெளிநீருக்கு மாறலாம். கால்சியமும் காரத்தன்மையும் பவளம் உண்ணும் அதே விகிதத்தில் அதிலிருந்து கிடைக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல, தூய கால்சியம் ஹைட்ராக்சைடு. கடும் காரம் என்பதால் இரவில் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் முருகைக்கல்லை வெட்டி எடுத்துச் சுண்ணாம்பாகச் சுட்டார்கள். அதே சுண்ணாம்பை இங்கே உயிருள்ள பவளத்துக்கு ஊட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கரைதான் நினைவுக்கு வரும்.

அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ராமேஸ்வரம் அருகே மண்டபம் கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு ஒன்றைத் தொட்டிக்கு எடுத்து வரலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கற்பவளங்கள் 2001-இலிருந்து முதலாம் அட்டவணையில் இருக்கின்றன, புலியும் இருக்கும் அதே அட்டவணை. காய்ந்த துண்டுக்கும் அதுவே. பண்ணையில் வெட்டி வளர்த்த கிளைகளைக் உரிய ஆவணங்களோடு விற்கும் கடைகள் சிங்கப்பூரிலேயே இருக்கின்றன.

இன்று இரவு ஒன்று மட்டும் செய். விளக்கு அணையும் நேரத்தில் காரத்தன்மையை அளந்து எழுதி வை. நாளையும் மறுநாளும் அதே நேரத்தில் அள. மூன்று எண்களையும் எனக்கு அனுப்பு, அதுவரை ஆவியாகிப் போகும் நீரை நிரப்புவதைத் தவிர, தொட்டியில் வேறெதையும் ஊற்றாதே.

அன்புடன்,
மாமா