வியாழக்கிழமை கலந்துரையாடல்: முதல் உலகப் போர்

நண்பர்களே, வணக்கம். நவீன உலக வரலாற்றுத் தாளுக்கான கலந்துரையாடல் வியாழக்கிழமை மதியம் 2 மணிக்கு, நூலக மாடி அறையில் நடைபெறும்.

'சரயேவோவில் இளவரசர் சுடப்பட்டார், போர் மூண்டது' என்று தயவுசெய்து ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அந்த இளவரசர், அதாவது ஆஸ்திரியா-ஹங்கேரியின் முடிக்குரிய வாரிசான பிரான்ஸ் பெர்டினாண்ட், கொல்லப்பட்டது 1914 ஜூன் 28. ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாமீது போர் அறிவித்தது ஜூலை 28. கேள்வியே அந்த ஒரு மாதத்தில்தான் இருக்கிறது. ஜெர்மனி ஆஸ்திரியாவுக்குத் தந்த நிபந்தனையற்ற ஆதரவு, செர்பியாவுக்கு விடுக்கப்பட்ட இறுதி எச்சரிக்கை, ரஷ்யாவின் படைதிரட்டல் என வரிசையாகக் குறித்துக்கொண்டு வாருங்கள். கூட்டணிகள்தாம் எல்லாவற்றுக்கும் காரணம் என்று வாதிடுவோர் இத்தாலிக்கு விடை சொல்லியாக வேண்டும். 1882இலேயே ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும் கைகோத்த அந்த நாடு, 1915இல் எதிரணியில் சேர்ந்தது!

போருக்குப் பின் ஜெர்மனியுடன் செய்துகொள்ளப்பட்ட வெர்சாய் உடன்படிக்கையில் (1919) 231ஆம் பிரிவை மட்டும் படித்துவந்தால் போதும். போர்ப் பொறுப்பையும் இழப்பீட்டையும் பற்றிய விவாதம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைமீது குண்டு வீசிய கதையைத் தொடங்கினால் பொழுது போய்விடும். அதைத் தேநீர் இடைவேளைக்கு வைத்துக்கொள்வோம்.

1914ஆம் ஆண்டின் ஐரோப்பிய வரைபடம் அவசியம் வேண்டும். இன்றைய வரைபடத்தில் ஆஸ்திரியா-ஹங்கேரியைத் தேடிப் பயனில்லை. குறிப்புகளைப் படமெடுத்து அனுப்புவோர், எழுத்து தெரியும்படி அனுப்பவும். வர இயலாதவர்கள் புதன் இரவுக்குள் இங்கேயே தெரிவிக்கவும்.