சத்தம் ஏறுகிறதா, இறங்குகிறதா?

திண்டுக்கல்,
ஆனி மாதம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. கொல்லிமலை செம்மேட்டுக்கு மாற்றலாகிப் போனது, வீடு பிடித்தது, தங்கச்சிக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாதது எல்லாவற்றையும் நாலு வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கம் முழுக்க, மலை ஏறும்போது இழுவை போய்விடுகிற அந்தப் பழைய ஸ்ப்ளெண்டர் பைக்கைப் பற்றியே எழுதியிருக்கிறாய். வாத்தியார் வேலை பார்த்தாலும் நம்ம புத்தி மாறாது போல. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போது பட்டறைக்கு வருகிறவர்களின் நம்பர் பிளேட்டை வாசலில் உட்கார்ந்தே படித்துச் சொல்கிறாள்.

முதலில் ஒன்று. நான் வரும் வரை இன்ஜின் ஹெட்டைக் கழற்ற விடாதே. "போர் போட்டுரலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்று அந்த மெக்கானிக் சொன்னாராமே. தேவைப்பட்டால் போடலாம், தப்பில்லை. ஆனால் அது திரும்பி வராத வேலை. போர் என்பது சிலிண்டரின் உள்துளை. அதைக் கடைந்து கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவார்கள். அடுத்த முறை அரை, அப்புறம் முக்கால், கடைசியாக ஒரு மில்லி. அதற்கு மேல் கடைய இடமில்லை. கம்பெனியில் இருந்து வந்த போர் நல்லபடியாக இருந்தால், சந்தேகத்தின் பேரில் அதைத் தொடுவது பாவம். ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நினைக்கிற நோயாளி மாதிரி நீயும் எதையாவது கழற்றினால்தான் ரிப்பேர் என்று நினைக்காதே.

நீ எழுதியதை வைத்தே பார்ப்போம். காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. நீலப்புகை இல்லை. ஆயில் குறையவில்லை. அடிவாரத்துக் காரவள்ளியில் இருந்து முதல் பதினைந்து, இருபது கொண்டை ஊசி வளைவு நன்றாக ஏறுகிறது, அப்புறம் இழுவை போய்விடுகிறது. நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி கொஞ்ச தூரம் சரி. பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்த வண்டி இப்படி நடந்துகொள்ளாது. அது குளிரிலும் சோம்பும், ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது பின்னால் வருகிறவன் மூக்கைப் பொத்துவான், ஆயிலைக் குடிக்கும். உன் வண்டிக்குச் சூடேறினால்தான் நோவு. இதைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

ஆனால் முக்கியமான ஒன்றை நீ எழுதவே இல்லை. இழுவை போகும்போது இன்ஜின் சத்தம் ஏறுகிறதா, இறங்குகிறதா?

சத்தம் ஏறி, வண்டி மட்டும் போகவில்லை என்றால் இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. கிளட்ச் வழுக்குகிறது. என் மனசு இங்கேதான் நிற்கிறது. சமதளத்தில் நாற்பதில் போகும்போது டாப் கியரில் பட்டென்று முறுக்கிப் பார். சத்தம் துள்ளி, வேகமுள் தயங்கித் தயங்கி வந்தால் அதேதான். கிளட்ச் லீவர் நுனியில் பத்து முதல் இருபது மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறதா என்று பார். கேபிளை விறைப்பாக வைத்திருந்தால் கிளட்ச் பிளேட் எப்போதும் பாதி விட்ட நிலையிலேயே இருக்கும். பழைய ஓனர் என்ன ஆயில் ஊற்றினார் என்றும் விசாரி. காரில் கிளட்ச் தனியாக, காய்ந்து இருக்கும். நம் வண்டியில் இன்ஜின் ஆயிலிலேயே குளிக்கிறது. கார் ஆயில் சிலவற்றில் வழவழப்புக்காகச் சேர்க்கிற மருந்து பிளேட்டின் பிடிப்பைக் கெடுத்துவிடும். பழைய ஆயிலை வடித்துவிட்டு, டப்பாவில் ஜாஸோ எம்.ஏ. என்று போட்டிருக்கிற பைக் ஆயிலை ஊற்றி ஓட்டிப் பார். பிளேட் செட் மாற்றினால்கூட போர் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

சத்தம் இறங்கி, திக்கித் திணறி அணைகிற மாதிரி வந்தால் பெட்ரோல் வரவில்லை. அந்த இடத்திலேயே நிறுத்தி டேங்க் மூடியைத் திற. உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதற்குப் பிறகு வண்டி ஒழுங்காகப் போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ரொம்ப நாள் நின்ற வண்டியில் குளவி மண்ணை வைத்து அடைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இல்லையென்றால் கார்புரேட்டர் அடியில் இருக்கும் ட்ரெய்ன் திருகைத் தளர்த்தி, கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார். அடியில் தண்ணீர் தனியாக நிற்கும், அல்லது துருத் தூள் இறங்கும். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், உன் 2009 மாடல் வண்டியின் ரப்பர்களும் அதற்காகச் செய்தவை அல்ல.

திக்காமல், வெடிக்காமல், சும்மா மந்தமாகிக்கொண்டே போனால் டேப்பெட்டை, அதாவது வால்வுக்கு மேலே விடுகிற இடைவெளியைப் பார்க்க வேண்டும். இதில் ஒரு வியாபார சூட்சுமம் இருக்கிறது. பழைய வண்டி விற்கிறவர்களில் சிலர் டேப்பெட் சத்தம் கேட்கக்கூடாதென்று இறுக்கி வைத்துவிடுவார்கள். வாங்குகிறவர் "ஆஹா, இன்ஜின் என்னமா அமைதி!" என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். சூடேறினால் வால்வு நீளும்; விட வேண்டிய இடைவெளி இல்லாவிட்டால் முழுசாக மூடாது, சிலிண்டருக்குள் அமுங்கிய அழுத்தம், அதாவது கம்ப்ரெஷன், அது வழியாகப் போய்விடும். ஆறினால் மறுபடி சரி. நீ வாங்கும்போது "தையல் மெஷின்கூட இவ்வளவு அமைதியா ஓடாது" என்று போனில் சொன்னாயே, அன்றைக்கே எனக்கு உறுத்தியது.

பிளக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல வேகத்தில் போகும்போது கிளட்ச் பிடித்து, அப்படியே ஆஃப் செய்து, ஓரம் கட்டி, ஆறிய பிறகு கழற்றிப் பார். காபிப்பொடி நிறம் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், இல்லை ஃபில்டர் அடைப்பு. வெள்ளை வெளேர் என்றால் காற்று அதிகம்.

இன்னொன்றையும் கணக்கில் வைத்துக்கொள். ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்று சுமார் பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். எந்த இன்ஜினுக்கும் அந்த அளவு பலம் குறையும். காற்று குறைவதால் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகம் கொடுப்பதாக ஆகும். எத்தனால் அதற்கு நேரெதிராக இழுக்கும், ஓரளவு ஈடுகட்டிவிடும். உன்னுடையது 97.2 சி.சி., குதிரைத் திறன் ஏழரை வாக்கில்தான். ஏழரை என்றதும் சனியை நினைக்காதே! ஆனால் எழுபது வளைவு, பின்னால் தங்கச்சி, மடியில் அரிசிப்பை என்று போனால் இரண்டாவது கியரில்தான் ஏறும். அதைப் போய் ரிப்பேர் என்று யாரிடமும் சொல்லாதே. கிளம்புமுன் சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றியும் பார்த்துவிடு. பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தால் பாதிப் பலம் அங்கேயே போய்விடும்.

பட்டறை முன்னே மாதிரி இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்ததிலிருந்து புது வண்டி பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன். பையன் ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறான். செருகினால் கோளாறு எண்ணைக் காட்டுகிறது. நல்ல சாமான்தான். ஆனால் போன வாரம் எண் எதுவும் காட்டாத வண்டி ஒன்றோடு மதியம் வரை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஏர் ஃபில்டரில் எலி கூடு கட்டியிருந்தது. ஸ்கேனருக்கு எலி தெரியாது என்றேன், முறைத்தான்.

இவ்வளவும் பார்த்துச் சரியாகவில்லை என்றால் கம்ப்ரெஷன் கேஜ் வைப்போம். பிளக் துளையில் கேஜை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திறந்து உதைத்து ஒரு அளவு எடுக்க வேண்டும். அப்புறம் அந்தத் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி உதைக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்தது உண்மை. நாமக்கல்லில் நல்ல லேத் பட்டறையை நானே சொல்கிறேன். ஏறாவிட்டால் வால்வு.

ஆடிப்பெருக்குக்கு வல்வில் ஓரி விழா பார்க்க வருகிறேன் என்று நாலைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை வந்துவிடுகிறேன். கேஜ், டேப்பெட் இடைவெளி அளக்கிற ஃபீலர் இரண்டையும் பையில் போட்டுக்கொள்கிறேன். அதற்குள் அந்தச் சத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் கேட்டுச் சொல். கிளட்ச் என்றால் பிளேட் செட்டை இங்கேயே வாங்கி வந்துவிடுகிறேன், அங்கே போய் அலைய வேண்டாம்.

அன்புடன்,
முருகேசன்