பள்ளிக்கு அருகே புகையிலைக் கடைகள்: அளவெடுக்கும் முன் படிக்கவும்

உறுப்பினர்களுக்கு வணக்கம். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்பது 2003ஆம் ஆண்டு மத்தியப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி குற்றம். இப்படிப்பட்ட கடைகள் மீது நாம் கொடுக்கும் மனு பலவீனப்படுவது இந்தத் தூரத்தை அளப்பதில்தான். கேட்டிலிருந்து சாலை வழியே அளக்காதீர்கள். விதி கேட்பது சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து நேர்கோட்டுத் தூரம். பின்பக்கச் சந்துக் கடை நடந்து போனால் 150 மீட்டர் வரலாம், நேர்கோட்டில் 60 கூட இருக்காது. சாலை வழியே அளந்தால் தப்பிவிடுவது அந்தக் கடைதான். செல்பேசி வரைபடத்தில் அளந்து, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படத்தில் எந்தப் பிள்ளையின் முகமும் விழக்கூடாது.

உதிரி சிகரெட் விற்றால் அதையும் குறியுங்கள். பாக்கெட்டில் 85% இடத்தை அடைக்கும் எச்சரிக்கைப் படம், ஒன்றிரண்டு வாங்கும் மாணவன் கண்ணில் படுவதே இல்லை.

சிகரெட், பீடி என்றால் காவல் நிலையம். குட்கா என்றால் உணவுப் பாதுகாப்புத் துறை. இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள், ஆளுக்கு ஆள் கைகாட்டிவிடுவார்கள்.

6ஆம் பிரிவின் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய்தான், அது மட்டும் போதாது. ஆகவே கவுன்சிலரிடம் வரைபடத்தை நேரில் காட்டி, புகையிலை விற்கும் கடைகளுக்குத் தனி உரிமத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேளுங்கள்.

பழக்கத்தை விட விரும்புவோருக்கு இலவச எண்: 1800-11-2356.